மதினி எடுத்த அருந்ததி

என் அண்ணன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சு நான் போட்டது. முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார், அதாவது நான். அண்ணன் போட்ட முடிச்சு தொளதொளவென்று கிடந்தது. எங்கள் அப்பா இருந்தவரை லோடு வண்டி ஓட்டினார். தார்ப்பாய்க்கு அவர் போடுகிற முடிச்சு ஒன்று உண்டு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. இப்படி ஓர் அதிகாரம் எனக்கு இனிமேல் கிடைக்காது என்று அதையே போட்டேன். மதினி தலையைக் குனிந்தபடி, உதடு அசையாமல், "தாலியக் கட்டுறியா, மாட்டக் கட்டுறியா?" என்று கேட்டது. அந்த நிமிஷமே எனக்கு அதைப் பிடித்துப் போய்விட்டது.

அடுத்தது அருந்ததி. அய்யர் இரண்டு பேரையும் மண்டபத்துக்கு வெளியே கூட்டிவந்து நிறுத்தினார். மாசி மாத வெயில், காலைப் பந்தி இன்னும் முடியவில்லை. ஜெனரேட்டர் வண்டிக்கு மேலே விரலை நீட்டச் சொன்னார். அண்ணன் நீட்டியது. வீடியோக்காரர் விரலை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னார். அருந்ததி தெரியுதாம்மா என்று அய்யர் கேட்டார். எல்லாப் பொண்ணும் சொல்வதைத்தான் மதினியும் சொன்னது: "தெரியுது." வெள்ளை வெளேரென்ற வானத்தில் ஒரு காக்கா கூட இல்லை.

இந்த ஒரு சொல்லால் மதினி எம்புட்டுப் பட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மதினி பெயர் சரண்யாதேவி. ஊர் திருவாதவூர். அம்மா சின்ன வயசிலேயே தவறிவிட்டது. அப்பா கருத்தக்கண்ணன் மாமாதான் வளர்த்தார். கொஞ்சம் வயல், நாலு ஆடு. நாங்கள் வாடிப்பட்டி, நாலுவழிச் சாலையை ஒட்டின வீடு. அண்ணன் அழகுபாண்டி தல்லாகுளத்தில் கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறது. நல்ல மனுஷன், வாயைத் திறந்தால் கொட்டாவிக்குத்தான். வீட்டில் பேச்சு மொத்தமும் எங்கள் அம்மா சீனியம்மாள் பொறுப்பு. நான் கனகலட்சுமி. எனக்கும் கணக்குப் பாடத்துக்கும் பத்தாவதிலேயே உறவு முறிந்துவிட்டது.

மதினிக்குக் கண்ணில் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டது நான். பொழுது மசங்குகிற நேரத்தில் புது மதினியைப் பயமுறுத்தலாம் என்று கொல்லைக்குப் போகிற வழியில் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றேன். ஒளிந்துகூட நிற்கவில்லை, நட்ட நடு வழியில் நின்றேன். மதினி கையில் சட்டியோடு நேரே வந்து என்மேல் முட்டியது. பயந்தது நான்தான். லைட்டைப் போட்டுத் தொலைக்கக் கூடாதா என்று என்னை ஏசியது. தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து ராத்திரி கொல்லைக்குப் போகிறபோதெல்லாம் நான் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போவேன். மதினி பாட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் வரும். என் குரலுக்கு அம்மா திட்டும். திட்டட்டும் என்று இன்னும் சத்தமாகப் பாடுவேன்.

ஊரில் இருந்தபோது ஆடுதான் அதற்குத் துணையாம். மேய்ச்சலிலிருந்து பொழுது சாய்ந்து திரும்பும்போது கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் அது வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் மதினிக்குக் கோழி என்று பட்டப்பேர், பொழுது இறங்கினால் அடைந்துவிடும் என்று. இதையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் சொல்லும். "என் சடங்குக்கு அந்தக் கெடாயத்தான் வெட்டுனாக கனகு. அன்னைக்கு ராத்திரிதான் நான் மொதல்ல படியில உருண்டேன்."

பாட்டு ரொம்ப நாள் தாங்கவில்லை. சித்திரையில் சொந்தக்கார வீட்டு விசேஷம் ஒன்றில் பந்தி நடக்கும்போது கரண்ட் போனது. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் மதினி கொதிக்கிற ரசத்தை இலையை விட்டுவிட்டு ஒரு பெரியம்மா மடியில் ஊற்றியது. அப்புறம் மதுரையில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டார். அதற்குள் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். பெரியது மற்றவர்கள் பார்வை, சின்னது மதினியுடையது. பிறவிக் கோளாறு, மருந்து கிடையாது. பகலில் நேர் எதிரே இருப்பது தெரியும், ஊசிகூடக் கோத்துவிடும். இருட்டும் ஓரமும்தான் இல்லை. அந்தச் சின்ன வட்டமும் சுருங்கிக்கொண்டே வரும், எப்போது மூடும் என்று தன்னாலும் சொல்ல முடியாது என்றார். மதினி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வெளியே வந்ததும் குப்பைத்தொட்டியில் போட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தது. அம்மாவைக் கெட்டவளாக்க நான் எழுதவில்லை. தனியாளாக இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய மனுஷிக்கு, ஏமாந்துவிட்டோம் என்கிற நினைப்பைத் தாங்க முடியவில்லை. நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் வருமோ, யார் தூக்கி வளர்ப்பது என்று கேட்டது. மாமா ஏன் மறைத்தார் என்று கேட்டது. எதற்கும் மதினி பதில் பேசவில்லை. பேசாதது அம்மாவுக்கு இன்னும் ஏறியது.

"பட்டப்பகல்ல இல்லாத அருந்ததியத் தெரியுதுன்னு சொன்னவதான நீயி. அன்னைக்கே பொய்யிலதான ஆரம்பிச்ச."

அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தது. அது போன மாசத் தாள், யாரும் கிழிக்கவில்லை.

அன்றைக்குப் படுத்த பிறகு மதினி என்னைக் கிள்ளி எழுப்பி, அருந்ததி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டது. எனக்கும் தெரியாது. போனில் தேடினேன். இருந்தது. வடக்கே ஏழு நட்சத்திரம் அகப்பை மாதிரி நிற்குமாம். அகப்பைக் காம்பில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு பொட்டு, அதுதான் அருந்ததி. கோடையில் முன்னிரவில் உயர ஏறி நின்றுவிட்டு, ஆடி ஆவணிக்குள் வடமேற்கே இறங்கிவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். மாசி மாதக் காலையில் ஜெனரேட்டருக்கு மேலே அது இருக்க வழியே இல்லை.

மதினி எழுந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் சொல்ற பொய்தான் நானும் சொன்னேன். என் பொய்யத்தான் புடிச்சிட்டாக. கண்ணு அடையறதுக்குள்ள அத ஒருக்கா பாத்துட்டேன்னு வையி, அது பொய்யில்லன்னு ஆயிரும்ல?"

எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. ஆனால் கணக்கு எனக்கு எப்போது புரிந்தது. ஆகும் மதினி என்றேன்.

கண்ணால் பார்க்க வழியில்லை. எங்களுக்கே வாடிப்பட்டியில், சாலையில் நிற்கிற ஹைமாஸ் கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரம் நாலு தெரிந்தால் பெரிசு. கேமரா கண்ணை மூடாமல் திறந்தே வைத்திருந்தால், மனுஷன் கண்ணுக்கு எட்டாததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து படத்தில் விழும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அண்ணனுடைய பீரோவில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா கிடந்தது. கல்யாணப் போட்டோக்காரர் ஆக வேண்டும் என்று அண்ணன் ஒரு காலத்தில் வாங்கியது. எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் அந்த ஆசை பழைய வேட்டிகளுக்கு அடியில் போய்விட்டது. போன் மதினிக்குத் தோதுப்படாது, முழுக்க வழுவழு என்று இருக்கும். இதில் தடவித் திருப்ப ஒரு திருகு, அமுக்க மேடாக ஒரு பட்டன். பின்னால் இருக்கிற திரை பிஸ்கட் அளவு. மதினிக்கு மிச்சம் இருந்த பார்வைக்குள் அது சரியாக அடங்கியது.

அம்மா சீரியல் பார்க்கிற நேரம் மொட்டை மாடிக்குப் போனோம். முதல் படத்துக்கு ஃபிளாஷ் அடித்துவிட்டது. பக்கத்து மாடியில் சித்திக்குத் தெரியாமல் பீடி குடித்துக்கொண்டிருந்த மொக்கையன் சித்தப்பா அதில் மாட்டினார். நட்சத்திரம் ஒன்றும் மாட்டவில்லை. ஃபிளாஷை அணைத்தோம், படம் கரிச்சட்டி மாதிரி விழுந்தது. இரவுக்கு என்று ஒரு நிலா படம் போட்ட முறை இருந்தது. அதில் வைத்துக் கையில் பிடித்து எடுத்தால் எல்லாம் புழுப் புழுவாக நெளிந்தது. கேமரா பதினைந்து நொடி கண்ணைத் திறந்து வைத்திருக்கும், நாம் மூச்சு விட்டால்கூட அதற்குத் தெரியும் என்று அப்புறம்தான் புரிந்தது. சுவரில் வைத்தோம், அது வானத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டு டேங்கைப் பார்த்தது. மதினி ஒரு துணிப்பையில் நெல்லைப் போட்டுக் கட்டி, அதில் குழி பண்ணிக் கேமராவை அண்ணாந்து உட்கார வைத்தது. பட்டனை அமுக்கும் ஆட்டம்கூடப் படத்தில் விழாமல் இருக்க, அமுக்கியபின் இரண்டு நொடி கழித்து எடுக்கச் சொல்லி வைத்தோம்.

இவ்வளவும் பண்ணி விழுந்தது ஆரஞ்சு வானம். ஹைமாஸ் விளக்கு நட்சத்திரங்களை மொத்தமாகக் குடித்துவிட்டது. அந்தக் கம்பத்தின் பெட்டியில் கை வைத்து விளக்கை அணைத்துவிட்டால் என்ன என்று முனகினேன். மதினிக்கு என் யோசனை முகத்தில் தெரியாது, குரலில் தெரியும். ஷாக் அடித்துச் செத்தால் அந்தப் பழியும் தன்மேல்தான் விழும், சும்மா இரு என்றது.

ஒரு நாள் அண்ணன் மேலே வந்துவிட்டது. மதினி முட்டிபோட்டுத் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் பின்னால் நின்றது மதினிக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டது. மறுநாள் கேமரா பாட்டரி முழுக்கச் சார்ஜ் ஏறி இருந்தது. நான் போடவில்லை.

அந்த வாரம்தான் மதினி என் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தது. திரையில் ஒரு புள்ளி. ஆரஞ்சுக்கு நடுவே, இடது பக்கக் கீழ் மூலையில், வெள்ளையாக, கூர்மையாக. மதினி அதைப் பெரிதாக்கிப் பார்த்தது, சின்னதாக்கிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அது பார்த்த முதல் நட்சத்திரம். அருந்ததி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது ஒருத்தி என்றது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டது. அம்மாகூட என்ன இன்றைக்கு என்று பார்த்தது.

நாலைந்து நாள் தினமும் அந்தப் புள்ளி வந்தது. ஒரு நாள் கேமராவை வடக்கே வைத்தோம், ஒரு நாள் கிழக்கே வைத்தோம். புள்ளி அதே மூலையில். எனக்கு லேசாக இடித்தது; சொல்ல வாய் வரவில்லை. மதினிக்கும் இடித்திருக்கிறது. ஒரு நாள் உள்ளங்கையால் கேமராவின் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு பட்டனை அமுக்கச் சொன்னது. படம் கன்னங்கரேலென்று விழுந்தது. இடது பக்கக் கீழ் மூலையில் அந்தப் புள்ளி இருந்தது.

அது கேமராவுக்குள் இருந்த பழுது. ரொம்ப நேரம் திறந்து வைத்தால் அந்த ஓர் இடம் மட்டும் தானாக வெளிச்சம் காட்டுமாம். நான் போனில் படித்துச் சொன்னேன். மதினி கேட்டுக்கொண்டது. கையை இன்னும் எடுக்கவில்லை.

"என் கண்ணு மாதிரியே ஒரு கண்ணத்தான் எனக்குன்னு எடுத்து வச்சிருக்காரு உங்கண்ணே."

சிரிப்பதற்குச் சொன்னது என்றுதான் நான் சிரித்தேன். மதினி கேமராவை அணைத்து மடியில் கவிழ்த்தது.

ஆடி பிறந்தது. கல்யாணமான முதல் வருஷம் ஆடிக்குப் பொண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம், ஆவணியில் மாப்பிள்ளை போய்க் கூட்டிவர வேண்டும். அம்மா மதினியுடைய சேலைகள் எல்லாவற்றையும் எடுத்துவைக்கச் சொன்னது. ஒரு மாசத்துக்கு எதற்கு எல்லாச் சேலையும் என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் துணைக்கு அனுப்பியது. அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுவரத்தான் என்னை அனுப்புகிறது என்று எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். "ஒற்றன் வந்தாச்சா? ஏறி உக்காரு" என்று பஸ்ஸில் சன்னல் ஓரத்தைக் கொடுத்தது.

திருவாதவூரில் மாமா வீடு ஊரை விட்டுத் தள்ளிக் கண்மாய்ப் பக்கம். தெருவிளக்கு அங்கே வரவில்லை. முதல் நாள் மாடிக்கு ஏறி அண்ணாந்தபோது எனக்குத் தலை சுற்றியது. வானத்தில் இவ்வளவு சாமான் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எவனோ உப்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. வாயைத் திறந்து சொல்ல வந்து பக்கத்தில் நிற்பது யார் என்று நினைப்பு வந்து மூடிக்கொண்டேன். "சும்மா சொல்லுடி, கேப்போம்" என்றது மதினி. சொன்னேன். கேட்டுக்கொண்டே படியின் பக்கம் எது, சுவர் எது என்று கையால் தடவி அளந்தது. அந்த மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை.

மாமாவுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. மகள் ராத்திரியில் மாடி ஏறுவதை அவர் அதுவரை கண்டதில்லை. கீழே கட்டிலில் உட்கார்ந்து காதை மட்டும் மேலே வைத்திருப்பார். என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். பொண்ணுப் பார்க்க வந்தவர்கள் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை என்றார். பொழுது இறங்குவதற்குள் எங்களை வழியனுப்பிவிட வேண்டும் என்று அன்றைக்கு அவர் பட்ட அவசரம் எனக்கு நினைவு வந்தது. அதை நான் ஒற்று வேலையில் சேர்க்கவில்லை.

வெளிச்சம் இல்லை என்றால் காற்று இருந்தது. ஆடிக் காற்று. நெல்லுப் பை உட்பட எல்லாம் ஆடியது, படமெல்லாம் மறுபடி புழு. மதினி காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து முந்தானையை விரித்துக் கேமராவுக்கு மறைப்புக் கட்டியது. காற்று நின்றால் மேகம். வடமேற்கில் ஒரு மேகம் பாய் போட்டுப் படுத்தால் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. நான் மேகத்தைப் பார்க்கிற ஆள். "இருக்கா?" என்று மதினி கேட்கும், "இருக்கு" என்பேன். அகப்பை ஒவ்வொரு நாளும் இன்னும் சீக்கிரமாக, இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. குழி கீழே, காம்பு மேலே, யாரோ கிணற்றுக்குள் விடுகிற மாதிரி.

இன்னொன்றும் இறங்கிக்கொண்டிருந்தது. வாடிப்பட்டியில் அந்தப் பிஸ்கட் திரை முழுசாக மதினிக்குத் தெரியும். இங்கே ஒரு பக்கம் பார்த்துவிட்டு, கேமராவை நகர்த்தி அடுத்த பக்கம் பார்த்தது. நான் பார்ப்பதை அதுவும் கவனித்துவிட்டது. "பிஸ்கட்டக் கடிச்சுத்தான் திங்கணும் போல" என்றது.

ஆடி முடிய இருந்தபோது அம்மா போன் பண்ணியது. என் போனில் காதில் வைத்துக் கேட்க முடியாது, ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். சோற்றுக்கு நடுவே பிடித்தேன். ஆவணி பிறந்ததும் அழகு வருவான், சீர்ச் சாமானில் மிச்சம் இருப்பதையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறேன், இறக்கிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்று சொல்லி அம்மா வைத்துவிட்டது. உன்னை என்றால் என்னை. எங்கள் பக்கம் சீரைத் திருப்பி அனுப்பினால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம், அதற்கு மேலே பேச ஒன்றும் இல்லை.

மாமா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஆட்டுக்கொட்டகைக்குப் போனார். மதினி தன் சோற்றைப் பிசைந்து கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டது. கை கழுவிவிட்டு, மேகம் இருக்கா பார் என்றது.

இருந்தது. மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு தூறல் விழுந்து ஓய்ந்தது. கண்மாய்ப் பக்கம் காற்று அப்படியே நின்றது, யாரோ கையைக் காட்டி நிறுத்திய மாதிரி. வடமேற்கு கழுவிவிட்ட தரையாகக் கிடந்தது. நான் கத்திய கத்தில் ஆடுகள் எழுந்துவிட்டன. மதினி கைப்பிடி இல்லாத படியில் நாலு காலில் ஏறி வந்தது.

பையை நான் திருப்பி வைத்தேன். மதினி விரலால் திருகைத் தடவி நிலாவுக்குக் கொண்டுபோய், பட்டனை அமுக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது. கேமராவும் திறந்த கண்ணை மூடாமல் இருந்தது. 'டிக்' என்றது. திரை விழித்தது.

கறுப்பு. அதில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். மதினி கேமராவை மூக்குக்குக் கொண்டுபோய் இடமும் வலமும் நகர்த்தி நகர்த்தி எண்ணியது. குழியில் நாலு. காம்பில் மூன்று. காம்பின் நடுப்புள்ளியைப் பெரிதாக்கியது. பெரிதாக்கப் பெரிதாக்க அது ஒன்றாக இல்லை. தடியாக ஒன்று, அதன் தோளில் சாய்ந்த மாதிரி சன்னமாக ஒன்று.

நான் தொண்டை வரைக்கும் வந்த கூச்சலோடு நின்றேன். மதினி சிரிக்கவில்லை.

"இதுவும் பழுதா இருந்தா?"

கேமராவை எடுத்த குழியிலேயே திரும்ப வைத்தது. காத்திருப்போம் என்றது. நட்சத்திரமானால் நகர வேண்டும், பழுதானால் நகராது. இது எந்த வீடியோவிலும் வரவில்லை, மதினி தானாக யோசித்தது. உட்கார்ந்திருந்தோம். கீழே மாமா இருமினார். மேகம் வருகிறதா என்று நான் கழுத்து வலிக்கச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதும் என்று மதினிக்குத் தோன்றியபோது இன்னொரு படம் எடுத்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. இடது பக்கக் கீழ் மூலையில் அந்தத் திருட்டுப் புள்ளி ஆணி அடித்த மாதிரி இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. அகப்பை மொத்தமும், தடியானவரும் அவர் தோளில் இருந்தவளும் உட்பட, கீழே இறங்கியிருந்தது.

"தெரியுது" என்றது மதினி. என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

பாட்டரி தீர்ந்து திரை அணைகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்தை எடுக்கவில்லை.

ஆவணி பிறந்து அண்ணன் வந்தது. பொழுது இறங்குகிற நேரம். பைக்கின் பின்னால் ஒரு சாக்கு மூட்டை, மேலே நைலான் கயிறு போதாமல் பருத்திக் கயிறும் போட்டுக் கட்டி இருந்தது. உள்ளே பித்தளைப் பானை இடிக்கிற சத்தம் வண்டி நிற்கும்வரைக்கும் கேட்டது. மாமா வாங்க மாப்ளே என்றார், சத்தம் வரவில்லை. அண்ணன் தண்ணீர் குடிக்கும்போது நான் வண்டிப் பக்கம் போய் என் வேலையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மதினி அழவும் இல்லை, எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஒன்று காட்ட வேண்டும், மாடிக்கு வாருங்கள் என்றது. அண்ணன் என்னைப் பார்த்தது. நான் படியைப் பார்த்தேன். ஏறினோம். சார்ஜ் ஏற்றி வைத்திருந்த கேமராவில் மதினி படத்தைக் காட்டியது. அண்ணன் பார்த்தது, ம் என்றது. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. லேசான மேகம், ஆனால் அந்தப் பக்கம் விட்டிருந்தது.

நேரில் பாருங்கள் என்றது மதினி. அண்ணன் அண்ணாந்து பொதுவாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெரியுது என்றது.

"எங்க? கைய நீட்டுங்க."

அண்ணன் கையை நீட்டியது. எனக்கு மண்டபத்து வாசல் நினைவு வந்தது. அப்போதும் இதே மாதிரிதான், ஜெனரேட்டருக்கு மேலே. மதினி அண்ணனுடைய தோளைத் தொட்டு, அங்கிருந்து முழங்கை, மணிக்கட்டு, விரல் நுனி என்று தடவிக்கொண்டே போனது. இருட்டில் அதற்கு அந்தக் கையே தெரியாது. இன்னொரு கையால் சுவரின் மூலையையும் நெல்லுப் பை இருந்த இடத்தையும் தொட்டுப் பார்த்தது. பிறகு அண்ணனுடைய கையை இடது பக்கம் கொண்டுபோய், நன்றாகக் கீழே இறக்கி நிறுத்தியது. இத்தனை நாள் தடவித் தடவி அந்தத் திசை அதற்கு மனப்பாடம்.

"காம்புல நடு. அத ஒட்டி."

அண்ணன் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. கையைக் கீழே போட்டுவிடும் என்று நினைத்தேன், போடவில்லை.

"ரெண்டா இருக்கு" என்றது கடைசியில். கொட்டாவி இல்லாமல் அது பேசிக் கேட்டதே எனக்கு அபூர்வம்.

"நீங்களும்தான அன்னைக்கு இல்லாததக் காட்டுனீக," என்றது மதினி. கோபமாகச் சொல்லவில்லை. "எங்கிட்ட மட்டும் கேட்டா எப்பிடி?"

அண்ணன் கையை மடக்கிக்கொண்டது. மெதுவாக இறங்கிப் போய்விட்டது. மதினி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது. நான் அண்ணன் பின்னால் இறங்கினேன்.

கீழே அண்ணனுடைய போன் அடித்தது. இறக்கியாச்சா என்று அம்மா கேட்பது எனக்கே கேட்டது. அண்ணன் வண்டிக்குப் போய் மூட்டையில் கை வைத்தது. நகத்தால் நெம்பியது, பல்லால் கடித்தது. நான் அதில் போட்டுவைத்திருந்தது அப்பா போடுகிற முடிச்சு, அண்ணன் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அது போதாதென்று, இன்னும் இறுகட்டும் என்று பருத்திக் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து வேறு இழுத்திருந்தேன்.

"கனகு, இத அவுத்து விடு."

"வரமாட்டேங்குதுண்ணே."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தது. நான் முகத்தை மாற்றவே இல்லை, அதில் எனக்கு நல்ல பழக்கம். மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய்க் கதிர் அரிவாளை எடுத்துவந்து பிடிப்பக்கத்தை அண்ணனிடம் நீட்டினார். வாங்கி ஓர் இழு இழுத்தால் போதும்.

"கனகு, கையக் குடுடி, எறங்கணும்." மேலே இருந்து மதினி குரல்.

நான் பதில் பேசவில்லை. வாசலில் இருந்த வேப்பமரத்துப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"கனகு?"

போனில் அம்மா ஹலோ ஹலோ என்றது. அரிவாள் நீட்டியபடியே இருந்தது. கைப்பிடி இல்லாத படியின் விளிம்பை மதினி ஒரு காலால் துழாவுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு மூச்சு பார்த்துவிட்டு நானே ஓடியிருப்பேன்.

"இருக்கட்டும் மாமா, காலைல பாத்துக்கலாம்" என்று அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டது. அணைக்கக்கூட இல்லை, அம்மா பைக்குள் இருந்து பேசிக்கொண்டே இருந்தது. அண்ணன் படியில் ஏறிப் போனது. மூட்டை வண்டியிலேயே இருந்தது.